எண்ணெய் நீருக்கு எந்தச் சக்கை, எந்த வெயில்?

ஐந்தாறு காரும் பத்துப் பதினைந்து பைக்கும் வந்துபோகும் வாட்டர் வாஷ் கடையிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 1000 லிட்டர் அழுக்குத் தண்ணீர் வெளியேறும். இன்ஜின் ஆயில், கிரீஸ், டீசல், ஷாம்பு, சேறு எல்லாம் அதில் கலந்திருக்கும். இந்தியச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின்படி குளம், ஆறு போன்ற நீர்நிலைகளில் விடும் தண்ணீரில் எண்ணெயும் கிரீஸும் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பொதுச் சாக்கடைக்கும் கடலோரத்துக்கும் வரம்பு 20 மில்லிகிராம். கண்ணுக்கு ஓரளவு தெளிவாகத் தெரியும் தண்ணீரில்கூட இதைப்போல் பல மடங்கு எண்ணெய் இருக்கலாம்.

அதே தெருவில் ஜூஸ் கடை கரும்புச் சக்கையையும் சாத்துக்குடித் தோலையும் மூட்டை மூட்டையாக வெளியே வைக்கிறது. டீக்கடையில் ஈர டீத்தூள், பிரியாணிக் கடையில் முட்டை ஓடு, மீன் சந்தையில் இறால் ஓடு. தலைக்கு மேல் வெயில். இவற்றைக் கொண்டு அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்ய நான்கு வழிகள் இருக்கின்றன: சக்கையைக் கருக்கி எண்ணெயை உறிஞ்சவைப்பது, கரியை வெயிலில் சூடேற்றித் தண்ணீரை ஆவியாக்கிப் பிரிப்பது, ஒளி பட்டால் வினையைத் தூண்டும் ஒளிவினையூக்கியைப் பூசி எண்ணெயைச் சிதைப்பது, இரும்பும் எலுமிச்சை அமிலமும் பெராக்சைடும் சேர்த்து வெயிலில் எரிப்பது. செய்திகளில் நான்கும் ஒன்றுபோலவே ஒலிக்கும். களத்தில் நான்குக்கும் வேலை வேறு.

எங்கள் தீர்மானத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எண்ணெயின் பெரும்பகுதியைப் பிடிப்பது சக்கையின் வேலை. வெயிலிடம் விட வேண்டியது கடைசியில் மிஞ்சும் இருபது முப்பது மில்லிகிராம் மட்டும். இந்த வரிசையை மாற்றினால் எவ்வளவு நல்ல வினையூக்கியாக இருந்தாலும் தோற்கும்.

முதலில் பாட்டில் சோதனை

கண்ணாடி பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். எண்ணெய் மேலே படலமாகத் திரண்டு, அடியில் தண்ணீர் தெளிந்தால் அது மிதக்கும் எண்ணெய். பால் ஊற்றியதுபோல் வெளுத்தே நின்றால் பால்மம், அதாவது கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் தண்ணீரில் பரவி நிற்கின்றன. தண்ணீர் தெளிந்த பிறகும் டீசல் வாடை போகவில்லையென்றால் கரைந்த எண்ணெய் இருக்கிறது. பெரும்பாலான வாட்டர் வாஷ் தண்ணீரில் மூன்றும் இருக்கும். எது எவ்வளவு என்பதுதான் கேள்வி.

துளியின் அளவு இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 100 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) விட்டமுள்ள எண்ணெய்த் துளி மணிக்கு இரண்டரை மீட்டர் வேகத்தில் மேலேறும். 20 மைக்ரான் துளி மணிக்குப் பத்து சென்டிமீட்டர்தான் ஏறும். 5 மைக்ரான் துளிக்கு மணிக்கு ஆறேழு மில்லிமீட்டர். ஒரு மீட்டர் ஆழத் தொட்டியில் அது மேலே வந்துசேர ஆறு நாளுக்கு மேல் ஆகும். ஷாம்பு செய்வது துளிகளை இந்தச் சின்ன அளவுக்கு உடைத்து, மறுபடி ஒட்டாமல் காப்பது. அதனால் முதல் செலவில்லாத சீர்திருத்தம் கழுவும் இடத்திலேயே இருக்கிறது: டீசல் அடித்து இன்ஜின் கழுவும் தண்ணீரையும் ஷாம்பு போட்டு பாடி கழுவும் தண்ணீரையும் தனித்தனி வாய்க்காலில் விடுங்கள். ஒன்றாகக் கலக்கவிட்டு, பிறகு பிரிக்கத் திண்டாடுவது வீண்.

பால்மம் ஏற்கெனவே உண்டாகிவிட்டால் படிகாரம் வேண்டும். ஐந்து டம்ளரில் தண்ணீர் எடுத்து, லிட்டருக்கு 50, 75, 100, 150, 200 மில்லிகிராம் என்று படிகாரக் கரைசல் விட்டு, ஒரு நிமிடம் வேகமாகவும் பத்து நிமிடம் மெதுவாகவும் கலக்கி, அரை மணி நேரம் விடுங்கள். எந்தக் குறைந்த அளவில் பஞ்சு பஞ்சாகத் திரண்டு தெளிகிறதோ அதுதான் உங்கள் தண்ணீருக்கான அளவு. பிஎச், அதாவது தண்ணீரின் புளிப்பையும் காரத்தையும் காட்டும் அளவு, 6 முதல் 7.5 வரை இருந்தால்தான் படிகாரம் ஒழுங்காகத் திரளும். முருங்கை விதைப் பொடியும் இதைச் செய்யும். ஆனால் விதையிலிருந்து கரையும் புரதமும் எண்ணெயும் தண்ணீரில் தங்கி இரண்டு நாளில் நாற்றமெடுக்கும் என்பதால் கடைக்குப் படிகாரமே மேல்.

கருக்கிய சக்கை

பச்சைச் சக்கையை அப்படியே எண்ணெய்த் தண்ணீரில் போட்டால், எண்ணெயைத் தொடுமுன் தண்ணீரைக் குடித்துவிட்டு மூழ்கும். நார்ப்பொருளின் இயல்பு அது. தென்னை நார்க்கழிவு இதில் மோசம். தன் எடையைப் போல் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துவைப்பதால்தானே நர்சரிக்காரர்கள் அதை விரும்புகிறார்கள். ஆகவே சக்கையைக் கருக்க வேண்டும்.

கிடைப்பவற்றில் கரும்புச் சக்கைக்கு முதலிடம் தருகிறோம். உள்ளே வெற்றறைகள் நிறைந்திருப்பதால் லேசாக மிதக்கும், ஆண்டு முழுவதும் கிடைக்கும், நறுக்குவதும் எளிது. எடுத்துவந்த அன்றே 2 முதல் 5 மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டி, வெந்நீரில் மூன்று முறை அலசிச் சர்க்கரையைப் போக்குங்கள். ஒருநாள் தள்ளினாலும் புளித்து, எறும்பும் ஈயும் மொய்க்கும். பிறகு வளைத்தால் சடக்கென்று ஒடியும் வரை வெயிலில் காய வேண்டும். அரைகுறையாகக் காய்ந்ததைக் கருக்கினால் பாதி விறகு நீரை விரட்டவே போய்விடும்.

15 கிலோ எண்ணெய் டின் ஒன்றில் சக்கையை நிரப்பி, மூடியில் 5 மில்லிமீட்டர் துளை ஒன்று மட்டும் விட்டு, விறகு நெருப்பின் நடுவில் வையுங்கள். முதலில் வெண்புகை வரும், அது நீராவி. அடுத்து மஞ்சளோடிய கெட்டிப் புகை. அது மெலியத் தொடங்கும்போது டினை வெளியே எடுத்து, துளையை ஈரக் களிமண்ணால் அடைத்து, மறுநாள் வரை தொடாதீர்கள். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டதும் கரி பற்றிக்கொண்டு சாம்பலாகும். இராமநாதபுரத்துக் கரிமூட்டக்காரர்கள் மூட்டத்தில் வெடிப்பு விடாமல் மண் பூசிக் காப்பதும் இதற்காகத்தான். மூன்று கிலோ காய்ந்த சக்கைக்கு ஒரு கிலோ அளவுக்குக் கரி கிடைக்கும். மிதக்கும் எண்ணெய்க்கு 300 முதல் 350 டிகிரிக் கருக்கல் போதும். கரைந்த எண்ணெயைப் பிடிக்க 500 டிகிரிக்கு மேல் கருக்கிய கரி நல்லது, அதில் நுண்துளைப் பரப்பு கூடுதல்.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. வாழைப்பழத் தோலில் பெரும்பகுதி தண்ணீர். பத்துக் கிலோ தோல் காய்ந்தால் ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகத் தேறும். அதன் கரியில் பொட்டாசியச் சாம்பல் அதிகம் என்பதால் அலசாமல் போட்டால் தண்ணீரின் பிஎச் 9-ஐத் தாண்டும். சாத்துக்குடித் தோலைக் கருக்காமல் போட்டால் பெக்டின் என்ற பசை ஊறி வழவழவென்று வலையை அடைக்கும். டீத்தூளைச் சாயம் இறங்காத வரை கழுவ வேண்டும். முட்டை ஓடு எண்ணெயைப் பிடிக்காது. அதற்கு வேறு வேலை இருக்கிறது, பின்னால் வருகிறோம்.

செய்த கரி தேறுமா என்று பார்க்க ஒரு சோதனை: 200 மில்லி தண்ணீரில் 30 மில்லி பழைய இன்ஜின் ஆயில் விட்டு, 5 கிராம் கரி போட்டுப் பத்து நிமிடம் குலுக்கி, நைலான் வலையில் ஐந்து நிமிடம் வடியவிட்டு எடை போடுங்கள். கரியின் 5 கிராமையும் பிழிந்து வரும் தண்ணீரின் எடையையும் கழித்தால் எண்ணெய் எவ்வளவு என்று தெரியும். தன் எடையைப் போல் மூன்று மடங்குக்குக் குறைவாகப் பிடித்தால் கருக்கல் சரியில்லை. கடையில் விற்கும் பாலிப்ரோப்பிலீன் விரிப்பு பத்து மடங்குக்கு மேல் பிடிக்கும், இலவம்பஞ்சு முப்பது மடங்கு வரை பிடிக்கும். இலவமரம் பக்கத்தில் இருந்தால் மிதக்கும் எண்ணெய்க்கு அந்தப் பஞ்சே போதும். சக்கைக்காக வாதாட மாட்டோம்.

இந்த மடங்குக் கணக்கில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அது கெட்டி எண்ணெயில் குலுக்கி எடுத்து அளந்த எண். லிட்டருக்கு 100 மில்லிகிராம் எண்ணெய் கொண்ட மெலிந்த தண்ணீரில் அதே கரி தன் எடையில் இருபதில் ஒரு பங்கைப் பிடித்தாலே பெரிது. 1000 லிட்டரில் நாளுக்கு 100 கிராம் எண்ணெய் வந்தால், பத்துக் கிலோ கரி ஐந்து நாளில் நிறைந்துவிடும் என்றே திட்டமிடுங்கள். மூன்று மடங்கு என்று நம்பி முந்நூறு நாள் ஓட்டினால், மீதி நாளெல்லாம் எண்ணெய் கரி வழியே நழுவிப்போகும், வெளியே எதுவும் தெரியாது.

டிரம் அமைப்பு இது: 200 லிட்டர் டிரம்மின் அடியில் பத்து சென்டிமீட்டர் ஜல்லி, மேலே கொசுவலை, 100 லிட்டர் அளவுக்குக் கரி, மறுபடி வலை, கரி மிதக்காமலிருக்க மேலே செங்கல். தண்ணீர் மேலிருந்து இறங்க வேண்டும். வெளியேறும் குழாயைக் கரிமட்டத்துக்கு மேல் வரை வளைத்துத் தூக்கி, பிறகு இறக்குங்கள். அப்போதுதான் கரி எப்போதும் தண்ணீரில் முழுகியிருக்கும். காய்ந்துபோனால் நடுவில் ஓட்டை வழி விழுந்து, தண்ணீர் அதன் வழியாகவே ஓடிவிடும். எட்டு மணி நேரத்தில் 1000 லிட்டர் என்றால் மணிக்கு 125 லிட்டர். தண்ணீர் கரியோடு முக்கால் மணி நேரம் இருக்கும், அது போதும்.

இந்த வழியில் வெயிலுக்கு வேலை சக்கையைக் காயவைப்பது மட்டும்தானா? மெல்லிய எண்ணெய்க்கு ஆம். தடித்த எண்ணெய்க்கு அப்படியல்ல. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதியபோது கரையில் ஒதுங்கியது களிம்புபோல் தடித்த எண்ணெய். தன்னார்வலர்கள் வாளியில் அள்ளினார்கள். அவ்வளவு தடித்த எண்ணெய் எந்த உறிஞ்சியின் துளைக்குள்ளும் எளிதில் புகாது, மேலேயே அப்பிக்கொள்ளும். நண்பகல் வெயிலில் கரி தொட முடியாத அளவுக்குச் சூடேறும். அந்தச் சூடு தன்னோடு ஒட்டிய எண்ணெயை இளக்குவதால் துளைக்குள் இறங்கும். தடித்த எண்ணெய் ஒதுங்கிய கரையில் கரி நிரப்பிய வலைப்பைகளைக் காலை ஆறு மணிக்குப் போடுவதைவிடப் பதினொரு மணிக்குப் போடுவது பலன் தரும் என்பதன் காரணம் இது.

ஆவியாக்கி

கரி கிட்டத்தட்ட முழு வெயிலையும் விழுங்கிச் சூடாகும். அதைத் தண்ணீரின் மேல் மிதக்கவிட்டு, திரித்துணி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் ஊட்டினால், தொட்டி முழுவதையும் சூடாக்காமல் மேற்பரப்பில் மட்டும் நீராவி எழும். கண்ணாடி மூடியில் குளிர்ந்து வடியும் தண்ணீர் தெளிந்திருக்கும். 2017-இலேயே கருக்கிய காளானை இப்படிப் பயன்படுத்தி ஆய்வுகள் வந்துவிட்டன. பார்க்க மிக அழகான வழி. கணக்குப் போட்டால் நிலைமை வேறு.

ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 0.67 யூனிட் வெப்பம் வேண்டும். சென்னையில் சராசரியாக ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 யூனிட் வெயில் விழுகிறது. ஒரு துளி வெப்பமும் வீணாகாவிட்டாலும் ஏழரை லிட்டர்தான் உச்சவரம்பு. கண்ணாடி மூடி போட்ட உண்மையான அமைப்பில் இரண்டரை முதல் நான்கு லிட்டர் வரும். 1000 லிட்டருக்கு 250 முதல் 400 சதுர மீட்டர் கண்ணாடி வேண்டும், ஒரு கல்யாண மண்டபத்தின் மொட்டைமாடி அளவு. வாட்டர் வாஷ் கடைக்கு இதை ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டோம்.

இடம் இருந்தாலும் இரண்டு சிக்கல்கள். பென்சீன் 80 டிகிரியிலும் டொலுயீன் 111 டிகிரியிலும் கொதிப்பவை. பெட்ரோலில் உள்ள இவை நீராவிக்கு முன்னே ஓடிவந்து வடிநீரில் சேரும். தொகுதி தொகுதியாக இயக்கினால் முதலில் சொட்டும் பகுதியில்தான் இவை அதிகம். அதைத் தொட்டியிலேயே திருப்பி ஊற்றி, மீதியை 500 டிகிரிக் கரியில் வடிகட்ட வேண்டும். தெளிவாக இருக்கிறதே என்று குடிக்கவோ சமைக்கவோ கூடாது. இரண்டாவது, எண்ணெய்க்குப் பிடித்த கரியே இங்கே எதிரி. திரி வழியே எண்ணெய் ஏறிக் கரியின் துளைகளை அடைக்க, இரண்டு மூன்று நாளில் ஆவி குறையும். இதற்கு மருந்து, தண்ணீருக்குள் இருக்கும்போது எண்ணெயை ஒட்டவிடாத கைட்டோசான் பூச்சு. கைட்டோசான் இறால் ஓட்டிலிருந்து வருவதுதான். ஆனால் அதை எடுக்கக் கொதிக்கும் கெட்டிக் காஸ்டிக் சோடா தேவைப்படுவதால் வீட்டில் செய்யாமல் விலைக்கு வாங்குங்கள். இரண்டு கிராமை 100 மில்லி நீர்த்த வினிகரில் ஒரு இரவு கரைத்து, கரியோடு பிசைந்து பரப்பி, காய்ந்ததும் மெல்லிய காஸ்டிக் சோடா நீரில் முக்கி நன்றாக அலச வேண்டும். முக்காமல் விட்டால் பூச்சு தண்ணீரில் கரைந்துவிடும். மிதவைக்குத் தெர்மாகோல் வேண்டாம். பெட்ரோல் கலந்த தண்ணீரில் அது கரைந்து பிசினாகும். மூடிய காலி பாட்டில்கள் போதும்.

உப்பும் எண்ணெயும் கலந்த சிறு அளவுத் தண்ணீருக்கு மட்டும் இந்த வழியை வைத்துக்கொள்ளலாம். வேறு எந்த வழியும் உப்பைப் பிரிக்காது.

ஒளிவினையூக்கி

டைட்டானியம் டைஆக்சைடு மீது புறஊதாக் கதிர் பட்டால் தண்ணீரைச் சிதைக்க முடியும் என்று ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-இல் காட்டினார்கள். அதே வினை எண்ணெய் மூலக்கூறுகளையும் வெட்டும். ஆனால் அனடேஸ் வகை டைட்டானியம் டைஆக்சைடுக்கு 387 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளம்தான் பயன்படும். நிலத்தை எட்டும் வெயிலில் அந்தப் பகுதி 4 முதல் 5 விழுக்காடு மட்டுமே.

உணவுக் கழிவிலிருந்து செய்த கரியின் மேல் இதைப் பூசுவதுதான் பரவலாகப் பேசப்படும் முறை. கரி எண்ணெயைப் பிடித்து வினையூக்கியின் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கிறது, வடிகட்டவும் எளிது. அந்த அளவில் நியாயம்தான். ஆயினும் கருப்புக் கரி அந்தக் கொஞ்சப் புறஊதாக் கதிரையும் தானே விழுங்கிவிடுகிறது. எங்கள் தேர்வு முட்டை ஓடு. வெள்ளை, விலையில்லை, 94 விழுக்காட்டுக்கு மேல் கால்சியம் கார்பனேட், 450 டிகிரிச் சூட்டைத் தாங்கும். கொதிக்கவைத்து உள்சவ்வை உரித்து, 2 முதல் 5 மில்லிமீட்டராக நொறுக்கிக் காயவையுங்கள். 100 மில்லி ஆல்கஹாலில் 10 கிராம் அனடேஸ் தூளைக் கலக்கி, ஓட்டை முக்கி உலர்த்துவதை மூன்று முறை செய்து, 450 டிகிரியில் ஒரு மணி நேரம் சுடுங்கள். 600 டிகிரியைத் தாண்டினால் அனடேஸ், திறன் குறைந்த ரூட்டைலாக மாறத் தொடங்கும். ஆறியதும் தண்ணீர் தெளியும் வரை அலச வேண்டும், ஒட்டாத தூள் பாலாக வெளியேறும். தூளைக் கையாளும்போது மாஸ்க் கட்டாயம்.

பெயிண்ட் கடையில் கிடைக்கும் டைட்டானியம் வெண்தூளை வாங்கி ஏமாறாதீர்கள். பெயிண்டை வெயில் அரிக்காமலிருக்க அதன் துகள்கள் மேல் சிலிக்காவும் அலுமினாவும் பூசியிருப்பார்கள். வினை நடக்கக் கூடாது என்பதற்காகவே செய்த பொருள் அது. மேற்பூச்சில்லாத அனடேஸ் என்று கேட்டு வாங்க வேண்டும்.

தட்டில் முட்டை ஓட்டை ஒற்றை அடுக்காகப் பரப்பி 5 சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் விடுங்கள். ஓடு போடுமுன் தட்டின் அடியில் வைத்த செய்தித்தாள் எழுத்து அந்தத் தண்ணீர் வழியே படிக்க முடியாவிட்டால், தண்ணீர் வெயிலுக்குத் தயாராகவில்லை, டிரம்முக்கே திருப்பி அனுப்புங்கள். மேலே எண்ணெய்ப் படலம் இருந்தால் ஒளியும் நுழையாது, காற்றும் கரையாது.

காற்றுதான் உண்மையான தடை, இதைப் பலரும் கவனிப்பதில்லை. ஒரு கிராம் எண்ணெயை முழுவதும் கரியமில வாயுவாக்க 3.4 கிராம் ஆக்சிஜன் வேண்டும். லிட்டருக்கு 100 மில்லிகிராம் எண்ணெய் என்றால் 340 மில்லிகிராம் ஆக்சிஜன். நம் வெப்பத்தில் தண்ணீர் கரைத்துவைத்திருப்பதோ 8 மில்லிகிராம். மீன் தொட்டி ஏர் பம்ப் ஒன்று இரண்டை நாள் முழுக்க ஓட்டினாலும் 10, 20 மில்லிகிராம் எண்ணெயைத்தான் நம்பலாம், அதுவும் சில நேரம் மறுநாள் வெயிலையும் கேட்கும். அரைகுறையாக வெட்டுப்பட்ட எண்ணெய் இன்னும் மோசம். வெயிலில் பாதி ஆக்சிஜனேறிய துண்டுகள் தண்ணீரில் கூடுதலாகக் கரையும். கடல் நீரில் லிட்டருக்கு 19 கிராம் குளோரைடு இருக்கிறது. அது வினையின் கூர்மையைத் தானே தின்றுவிடுவதால் உப்பங்கழி, படகுத் தண்ணீருக்கு இந்த வழி ஒத்துவராது.

இரும்பு, எலுமிச்சை உப்பு, பெராக்சைடு

எங்களுக்கு மிகவும் நம்பிக்கை தருவது இந்த நான்காவது வழிதான், ஆனால் கையில் ஒழுங்கு இல்லாதவர்களுக்கு அல்ல. இரும்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்து எண்ணெயை வெட்டும். செலவான இரும்பை வெயில் மறுபடி உயிர்ப்பிக்கும். சாதாரணமாகப் பிஎச் 3 அளவுக்குப் புளிப்பு வேண்டும், இல்லாவிட்டால் இரும்பு துருவாகப் படிந்துவிடும். எலுமிச்சை உப்பு என்று கடையில் கிடைக்கும் சிட்ரிக் அமிலம் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்வதால் பிஎச் 5, 6-இலும் நடக்கும். அந்த இரும்புச் சிட்ரேட் நீல ஒளியையும் விழுங்கும் என்பதால் தண்ணீர் 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழம் இருக்கலாம். ஸ்பெயினின் அல்மேரியா சூரிய ஆய்வுத் தளத்தில் இத்தகைய ஆழமற்ற ஓடுகுளங்களில் பல ஆண்டுகளாக ஆய்வு நடந்திருக்கிறது. பெராக்சைடே ஆக்சிஜனைக் கொண்டுவருவதால் முன்சொன்ன காற்றுத் தடையும் இல்லை.

டிரம்மிலிருந்து வந்த, எண்ணெய் 20 மில்லிகிராம் அளவில் உள்ள 100 லிட்டர் தண்ணீருக்கான அளவு: அன்னபேதி (இரும்பு சல்பேட்) 10 கிராம், எலுமிச்சை உப்பு 7 முதல் 20 கிராம், 50 விழுக்காட்டுப் பெராக்சைடு மொத்தம் 50 மில்லி. கணக்குப்படி எண்ணெய்க்கு 24 மில்லிதான் தேவை. மீதி, எலுமிச்சை உப்பையும் கரியிலிருந்து கசிந்ததையும் எரிக்க. முதலில் அன்னபேதி, அடுத்து எலுமிச்சை உப்பு, பிஎச் 6-க்குக் கீழே வந்ததா என்று பார்த்த பிறகே பெராக்சைடு, அதையும் காலை பத்து மணியிலிருந்து நான்கு தவணையாக. ஒரேயடியாக ஊற்றினால் பெராக்சைடு தன்னைத்தானே சிதைத்துக் குமிழாகப் போய்விடும். கண்ணாடியும் கையுறையும் போடாமல் தொடாதீர்கள். கலனை இறுக மூடாதீர்கள். எண்ணெய்த் துணி பக்கத்தில் கூடாது.

தவறும் இடங்கள் மூன்று. கடினமான போர் தண்ணீரில் காரத்தன்மை அதிகம், அங்கே 20 கிராம் எலுமிச்சை உப்பு பிஎச்சை அசைக்கவே அசைக்காது. தண்ணீர் சட்டென்று துருநிறமாகக் கலங்கினால் இதுதான் காரணம். வேறு அமிலம் சேர்த்துக் குறைக்க வேண்டும். இரண்டாவது, சரியாகக் கழுவாத டீத்தூள் கரி முன்னால் இருந்தால் டீயின் துவர்ப்புப் பொருளான டானினும் இரும்பும் சேர்ந்து தண்ணீர் மையாகக் கறுக்கும், வெயில் உள்ளே போகாது. மூன்றாவது, எலுமிச்சைத் தோலை வேகவைத்த சாறு, புளிச்சக்கை ஊறிய நீர் ஆகியவற்றைக் கடை எலுமிச்சை உப்புக்குப் பதிலாகப் போடும் ஆசை. அமிலம் அதில் இருப்பது உண்மைதான். கூடவே வரும் சர்க்கரையும் பெக்டினும் பெராக்சைடைத் தின்றுவிடும். கழிவைப் பயன்படுத்திய பெருமை கிடைக்கும், தண்ணீர் சுத்தமாகாது. இங்கே விலைக்கு வாங்குவதே சரி.

மாலையில் தண்ணீரை நொறுக்கிய முட்டை ஓட்டுப் படுகை வழியே விடுங்கள். ஓட்டின் வேலை என்று முன்பு சொன்னது இதுவும்தான். அது புளிப்பைப் போக்க, இரும்பு துருவாகப் படியும். அந்தத் துரு ஓட்டின் மேலேயே தோல்போல் மூடி வேலையை நிறுத்திவிடும் என்பதால் வாரம் ஒருமுறை ஓட்டைக் கிளறித் தேய்த்துக் கழுவ வேண்டும். மிஞ்சிய பெராக்சைடு மீன்களுக்கு ஆகாது. ஒரு இரவு திறந்துவைத்து, சோதனைத் தாளில் இல்லையென்று கண்ட பிறகே வெளியேற்றுங்கள்.

எங்கே எது

வாட்டர் வாஷ் கடைக்கு: தனி வாய்க்கால், மேலே திரளும் எண்ணெயை வழித்தெடுக்கும் தொட்டி, தேவைப்பட்டால் படிகாரம், ஒன்றன்பின் ஒன்றாகக் கரும்புச் சக்கைக் கரி டிரம் இரண்டு. பொதுச் சாக்கடை இணைப்பு உள்ள கடைக்கு இதுவே பெரும்பாலும் போதும், வெயில் தட்டே வேண்டாம். குளத்துக்கோ வாய்க்காலுக்கோ போகும் தண்ணீர் என்றால் மட்டும் இரும்பு முறை. 10 சென்டிமீட்டர் ஆழத்தில் 1000 லிட்டருக்கு 10 சதுர மீட்டர் தட்டு, ஒரு கார் நிறுத்தும் இடத்தைவிடக் குறைவு. முட்டை ஓட்டு வினையூக்கிக்கு 20 சதுர மீட்டர் கேட்கும், வேகமும் குறைவு. ஆனால் ரசாயனம் கையாள ஆளில்லாத இடத்தில் அதைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் எந்தத் தட்டையும் நம்பாதீர்கள். அந்த மாதங்களில் கரியை இரண்டு மடங்கு அடிக்கடி மாற்றுங்கள்.

விசைப்படகின் அடித்தளத்தில் தேங்கும் தண்ணீருக்கு: உப்பு இருப்பதால் மூன்றாவதும் நான்காவதும் வேண்டாம். கரி அடைத்த வலைப்பைகளை இன்ஜினுக்குக் கீழேயே போட்டு, பம்ப் வைத்து இறைப்பதற்கு முன்பே எண்ணெயைப் பிடிப்பது மிகச் சுலபம். பம்ப் சுழலி எண்ணெயை ஒருமுறை அடித்துவிட்டால் பால்மமாகிவிடும்.

திறந்த கழியிலும் அலையாத்தியிலும் எண்ணெய் பரவினால், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழியில் நடந்ததுபோல, உறிஞ்சி மட்டும்தான். வினையூக்கித் தூளையோ பெராக்சைடையோ இயற்கை நீர்நிலையில் கொட்டக் கூடாது. வெயில் தானாகச் சரிசெய்துவிடும் என்று காத்திருப்பதும் ஆபத்து: எண்ணெயின் சில பல்வளைய மூலக்கூறுகள் உடலில் ஏறிய மீன்குஞ்சுகள், இறால் குஞ்சுகள் மேல் வெயில் படும்போது அவற்றின் நச்சு பல மடங்கு கூடுகிறது. குஞ்சுகளின் உடல் கண்ணாடிபோல் இருப்பதுதான் காரணம். எவ்வளவு சீக்கிரம் அள்ளுகிறோமோ அவ்வளவு குஞ்சு பிழைக்கும்.

எண்ணெய் குடித்த கரி 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின் கீழ் வருகிறது. அடுப்பில் போடவோ உரக்குழியில் கொட்டவோ கூடாது. மூடியுள்ள இரும்பு டிரம்மில் சேர்த்து, அனுமதி பெற்ற கழிவு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். உணவகத் தண்ணீரைச் சுத்தம் செய்த கரியில் சமையல் எண்ணெய் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். குவித்துவைத்தால் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும்.

மாதம் ஒருமுறை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். மாதிரியைக் கண்ணாடி பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும், எண்ணெய் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். பிஎச் 2-க்குக் கீழே அமிலம் சேர்த்துக் குளிர்ச்சியாக அனுப்புங்கள். பாட்டிலை அதே தண்ணீரில் முன்கூட்டி அலசாதீர்கள். அலசும்போதே எண்ணெய் சுவரில் படிந்துவிட, பிறகு பிடித்த ஒரு லிட்டரோடு அதுவும் சேர்ந்து, இல்லாத எண்ணெய் இருப்பதாக முடிவு வரும்.